திருகோணமலைப் புழுக்கத்தில் ஜிம்முக்கு எந்த இயர்போன்? 10,000 ரூபாய்க்குள் ஒரு தேர்வு

கேள்வி இதுதான். திருகோணமலை நகரில் மாலை வேளைகளில் ஜிம்முக்குப் போகும் ஒருவர், காதுக்குள் செருகும் இயர்போன் ஒன்றை 10,000 ரூபாய்க்குள் வாங்க விரும்புகிறார். ஏற்கெனவே வாங்கிய இரண்டில் ஒன்றில் சில மாதங்களிலேயே இடப்பக்க ஒலி மங்கிவிட்டது. மற்றையதைப் பெட்டியில் வைத்தால் சார்ஜ் ஏறுவதில்லை. வயர் உள்ளதை வாங்குவதா, இல்லாததை வாங்குவதா, எந்தக் கம்பனி நல்லது என்று கேட்கும் அவர், பாட்டில் 'பாஸ்' எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலி நன்றாக விழ வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறார்.

கம்பனிப் பெயரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். ஜிம்முக்கு வாங்கும் இயர்போனில் முதலில் பார்க்க வேண்டியது அது உங்கள் காதில் இறுகப் பொருந்துகிறதா என்பதை. அடுத்தது வியர்வையைத் தாங்குமா என்பதை. ஒலியின் தரம் மூன்றாவது இடத்துக்குத்தான் வரும். நீங்கள் கேட்கும் பாஸ் கூட முதலாவது நிபந்தனை நிறைவேறினால்தான் கிடைக்கும் என்பதைப் பின்னர் விளக்குகிறேன். அதற்கு முன், பழைய இரண்டும் ஏன் பழுதாயின என்று தெரியாமல் மூன்றாவதை வாங்கினால் அதற்கும் அதே கதிதான் நேரும் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஒரு பக்கம் ஒலி மங்கிய இயர்போனை இன்னும் எறியாமல் வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். சிலிக்கோன் முனையைக் கழற்றினால் உள்ளே சிறிய குழாய் வாயும், அதன்மேல் பிடவையைவிட நுண்ணிய ஒரு வலையும் தெரியும். வெளிச்சத்தில் சரித்துப் பிடிக்கும்போது அந்த வலை சீராக மினுங்காமல் மஞ்சளாகவோ மெழுகு பூசியது போலவோ இருந்தால், உள்ளே இருக்கும் ஒலிபெருக்கி பழுதாகவில்லை. காதுக் குறும்பி வியர்வையில் இளகி வலையை அடைத்திருக்கிறது, அவ்வளவுதான். கைத்தொலைபேசி திருத்தும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், 'ஒரு பக்கம் செத்துப் போச்சு' என்று கொண்டுவரப்படும் இயர்பட்ஸ்களில் கணிசமானவை இந்த ரகத்தவை. வாய் நிலத்தைப் பார்க்கும்படி இயர்பட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, மென்மையான உலர்ந்த பல்துலக்கியால் கீழிருந்து தட்டித் தேய்த்தால் அழுக்கு வெளியே விழும். மேலே பார்க்க வைத்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளேதான் போகும். ஊசியால் குத்தவே கூடாது. வலை கிழிந்தால் அடுத்த குறும்பி நேரே ஒலிபெருக்கியின் மென்தகட்டில் போய் ஒட்டும்.

சார்ஜ் ஏறாத மற்றையதன் கதை வேறு. இயர்பட்டின் அடியில் இரண்டு அல்லது மூன்று சிறு உலோகப் புள்ளிகள் இருக்கும். பெட்டிக்குள் அவற்றைத் தொடும் ஊசிமுனைகள் இருக்கும். பயிற்சி முடிந்ததும் வியர்வை ஈரத்துடனேயே இயர்பட்டைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். வியர்வை உப்பு நீர்; பெட்டியின் ஊசிமுனைகளில் ஏறத்தாழ 5 வோல்ட் மின்னழுத்தம் நிற்கிறது. உப்பு நீருக்குள் மின்னோட்டம் பாய்ந்தால் உலோகம் மின்பகுப்பால் அரிக்கப்படும். மேற்பூச்சாக இருக்கும் மெல்லிய தங்கப் படலம் போனதும் அடியிலுள்ள செம்பில் பச்சைக் களிம்பு ஏறி, மின் தொடர்பு அறுந்துவிடும். வெறும் ஈரத்தால் பல மாதம் எடுக்கும் சேதம் இப்படி மின்னோட்டமும் சேரும்போது சில கிழமைகளிலேயே வந்துவிடுகிறது. நெற்றி வியர்வையில் குளித்தும் பழுதாகாத இயர்பட், பெட்டிக்குள் வைத்த பிறகு பழுதாவது இதனால்தான்.

இனித் தாங்கும் திறனைப் பற்றி. பெட்டியில் ஐபிஎக்ஸ்4, ஐபிஎக்ஸ்5, ஐபி55 என்று அச்சிட்டிருப்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரநிலையின் குறியீடு. இதில் முதல் இலக்கம் தூசிக்கும் இரண்டாவது இலக்கம் நீருக்கும் உரியது. எக்ஸ் என்று இருந்தால் அந்த வகைக்கு மதிப்பீடு தரப்படவில்லை என்று மட்டுமே பொருள். நீருக்கான 4 என்பது எத்திசையிலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும் என்பது. 5 என்றால் 6.3 மில்லிமீற்றர் வாயுள்ள குழாயிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லீற்றர் வீதம் பீய்ச்சப்படும் நீரைத் தாங்கும். 7 என்றால் 1 மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் அமிழ்த்தினாலும் பாதிப்பில்லை. 7 இலக்கம் உள்ளது 5 இலக்கத்துக்கான பீச்சு நீர்ச் சோதனையிலும் தேறியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. அவை தனித்தனிச் சோதனைகள்.

இந்தச் சோதனைகள் எல்லாம் புத்தம்புதிய சாதனத்தில் நன்னீரைக் கொண்டு செய்யப்படுபவை. வியர்வையின் உப்பும் அமிலமும், உப்புவெளிப் பக்கத்துக் கடற்காற்றின் ஈரமும் அவற்றில் சேர்த்தி இல்லை. ரப்பர் அடைப்புகளும் பசையும் காலம் செல்லச் செல்லத் தளர்வதால், வாங்கிய அன்று இருந்த தாங்குதிறன் ஒரு வருடத்துக்குப் பின்னும் அப்படியே இருக்கும் என்று எண்ணக்கூடாது. ஆகவே குளிரூட்டப்பட்ட ஜிம்மில் ஐபிஎக்ஸ்4 போதுமென்றாலும், மின்விசிறி மட்டுமே சுழலும் நமது ஜிம்களில், அதுவும் கச்சான் காற்றில் உடம்பு வேர்த்துக் கொட்டும் மாதங்களில், ஐபிஎக்ஸ்5 ஐக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்வதே என் ஆலோசனை. ஜிம்முடன் நிற்காமல் விடியற்காலையில் உப்புவெளி அல்லது நிலாவெளிக் கடற்கரை மணலிலும் ஓடுபவர் என்றால், முதல் இலக்கத்துக்கும் மதிப்பெண் உள்ள ஐபி55 போன்றதைப் பாருங்கள். வலையில் சிக்கும் நுண்மணல் குறும்பியைவிடக் கெட்டது. எந்த மதிப்பீடு இருந்தாலும் அது பெரும்பாலும் இயர்பட்டுக்கு மட்டுமே உரியது, சார்ஜிங் பெட்டிக்கு அன்று. மாரி மழையில் பை நனைந்து பெட்டிக்குள் தண்ணீர் போனால் குறியீட்டைக் காட்டி வாதாட முடியாது.

முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். காதுக்குள் செருகும் இயர்போனில் பாஸ் ஒலி கிடைப்பதற்குச் சிலிக்கோன் முனைக்கும் காதுக்குழாய்க்கும் இடையில் காற்றுக் கசிவு இருக்கக்கூடாது. சிறிய ஒலிபெருக்கி ஒன்று அடைபட்ட சிறிய காற்றறையை அழுத்தித் தளர்த்துவதன் மூலமே தாழ்ந்த சுருதிகளை உண்டாக்குகிறது; ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி விழுந்தாலும் அந்த அழுத்தம் கசிந்து, தவிலும் பறையும் அடிக்கும் இடத்தில் ஜால்ரா மட்டுமே கேட்கும். 'இதில் பாஸ் இல்லை' என்று குறைகூறப்படும் இயர்போன்களில் பலவற்றுக்குச் சரியான அளவு முனையை மாட்டினாலே பாஸ் வந்துவிடும். இதைச் சோதிப்பது எளிது: பாட்டு ஓடும்போது இயர்பட்டை விரலால் மெதுவாக உள்நோக்கி அழுத்துங்கள். பாஸ் திடீரெனக் கூடினால், நீங்கள் மாட்டியிருக்கும் முனை உங்கள் காதுக்குச் சிறியது அல்லது சரியாக உட்காரவில்லை.

பெட்டிக்குள் சிறிது, நடு, பெரிது என மூன்று அளவு முனைகள் வரும். நடு அளவு ஏற்கெனவே மாட்டப்பட்டிருப்பதால் பெரும்பாலானோர் மற்ற இரண்டையும் உறையிலிருந்து எடுப்பதே இல்லை. மூன்றையும் போட்டுப் பாருங்கள். இரண்டு காதுக்கும் ஒரே அளவுதான் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பலருக்கு ஒரு காதுக்கு நடுவும் மற்றதற்குப் பெரிதுமே பொருந்தும். செருகும்போது எதிர்க் கையால் தலைக்குப் பின்புறமாகக் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்தால் காதுக்குழாய் நேராகும். அப்போது இயர்பட்டை உள்ளே வைத்துச் சற்றுத் திருகி, பிறகு மடலை விடுங்கள். அடுத்து வாயை அகலத் திறந்து மூடுங்கள், பல்லைக் கடியுங்கள், தலையை உதறுங்கள், கீழே குனிந்து நில்லுங்கள். தாடை அசையும்போது காதுக்குழாயின் வடிவமும் மாறும். பாரம் தூக்கும்போது பல்லைக் கடிக்காதவர் எவரும் இல்லை என்பதால், தாடையை அசைக்கும்போதே நழுவும் இயர்பட், நிலத்திலிருந்து பாரம் தூக்கும் டெட்லிஃப்டில் நிச்சயம் விழும்.

தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு நேரே ஜிம்முக்குப் போகும் வழக்கம் உள்ளவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: எண்ணெயும் வியர்வையும் கலந்து காதோரம் வழிந்தால் எந்தச் சிலிக்கோன் முனையும் வழுக்கும். காதையும் முனையையும் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு மாட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். பஞ்சு போன்ற மெமரி ஃபோம் முனைகள் காதுக்குள் விரிந்து நன்றாகப் பிடித்துக்கொள்ளும் என்றாலும், வியர்வையை உறிஞ்சி ஊறிவிடுவதால் நம்முடைய காலநிலைக்கு நான் அவற்றைச் சிபாரிசு செய்வதில்லை.

முனை மட்டும் போதாது, பிடிமானமும் வேண்டும். காதுமடலுக்கு மேலாக வளைந்து போகும் கொக்கி உள்ள வகை ஓட்டத்துக்கும் குதிப்புக்கும் மிகப் பாதுகாப்பானது. மூக்குக்கண்ணாடி அணிபவருக்கு மட்டும் கண்ணாடியின் காலும் கொக்கியும் ஒரே இடத்தில் ஏறி உட்கார்வதால் அரை மணித்தியாலத்தில் காதுமடல் வலிக்கத் தொடங்கும். அவர்களுக்குக் காதின் உட்குழிவில் செருகும் சிறு இறக்கை உள்ள வகை நல்லது. ஹிஜாப் அணியும் பெண்களுக்கு இயர்பட் விழும் கவலை குறைவு, துணியே பிடித்துக்கொள்ளும். ஆனால் தொடுபரப்பால் இயங்கும் இயர்பட் என்றால் துணி உரசும்போதெல்லாம் பாட்டு நின்று நின்று ஓடும். அவர்கள் அழுத்தும் பொத்தான் உள்ளதையே வாங்க வேண்டும். உண்மையில் ஜிம்முக்குப் போகும் எல்லோருக்கும் அதுவே நல்லது. தொடுபரப்பு, விரல் படும்போது ஏற்படும் மின் மாற்றத்தை உணர்ந்து வேலை செய்வது. வியர்வைத் துளியும் அதற்கு விரலாகவே தெரியும். செட்டின் நடுவில் தானாகவே ஒருவருக்கு அழைப்பு எடுத்துவிடும் இயர்பட்ஸை நான் பார்த்திருக்கிறேன்.

வயரா, வயர் இல்லாததா என்ற கேள்விக்குச் சுருக்கமாக ஒரு பதில் சொல்ல முடியாது, ஏனெனில் ஒலிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் இந்த விலையில் வயர் உள்ளதே வெல்லும். கேஇஸட், மூன்ட்ராப் போன்ற சீனக் கம்பனிகளின் சாதாரண இயர்போன்கள், வயரைக் காதுக்கு மேலாகச் சுற்றி அணியும் விதத்தில் வருபவை, அதே விலையுள்ள புளூடூத் இயர்பட்ஸை ஒலியில் எளிதாகத் தோற்கடிக்கும். பற்றரி, புளூடூத் சிப், பெட்டி ஆகியவற்றுக்குப் போகும் காசு அங்கே முழுவதும் ஒலிக்கே போகிறது. ஆனால் அவற்றுக்குப் பொதுவாக வியர்வைத் தாங்குதிறன் மதிப்பீடு கிடையாது. வயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் நேரே வந்து இறங்கும். டம்பெல்லைத் தூக்கும்போது வயர் கைப்பிடியில் சிக்கினால் இயர்போனும் போனும் சேர்ந்து நிலத்தில் விழும். உங்கள் போனில் 3.5 மில்லிமீற்றர் துளை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். புதிய போன்கள் பலவற்றில் அது எடுபட்டுவிட்டது. வயர்தான் வேண்டும் என்று நிற்பவர்கள் ஜேபிஎல் எண்டியூரன்ஸ் ரன் போல ஐபிஎக்ஸ்5 மதிப்பீடுள்ள, விளையாட்டுக்கென்றே செய்ததை வாங்கி, வயரைச் சட்டைக்கு உள்ளே விட்டு, வயரில் உள்ள மைக் பகுதி தாடையில் வழியும் வியர்வை படாத இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளட்டும். பெரும்பாலும் முதலில் பழுதாவது அந்தச் சிறு மைக் பகுதிதான். நல்ல வயர் இயர்போன் ஒன்றைக் கொழும்பு இரவு ரயிலுக்கென்று தனியாக வைத்திருப்பது வேறு விடயம். அதற்கு நான் முழு ஆதரவு.

கழுத்தில் வளையமாகக் கிடக்கும் நெக்பேண்ட் வகையை இப்போது எவரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் உங்கள் பழைய சார்ஜ் பிரச்சினைக்கு அது நேரடித் தீர்வு. சார்ஜ் ஏறுவது டைப் சி அல்லது மைக்ரோ யூஎஸ்பி வாய் வழியாக என்பதால் அரிக்கப்படும் ஊசிமுனைகள் இல்லை. அதன் வாயை மூடும் ரப்பர் மூடியை ஒழுங்காக மூடி வைத்தால் போதும். தனித்தனி இயர்பட் ஒன்றில் 30 முதல் 60 மில்லி அம்பியர் மணித்தியால அளவிலான பற்றரியே இருக்கும் என்பதால், நெக்பேண்டின் பெரிய பற்றரி ஒரே சார்ஜில் அதைவிட அதிக நேரம் ஓடும். ஒன்று விழுந்து தொலையும் பயமும் இல்லை, விலையும் குறைவு. இரண்டு இடங்களில் மட்டும் அது தொல்லை தரும்: பார்பெல்லைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்யும்போது கம்பி உட்காரும் இடமும் நெக்பேண்ட் கிடக்கும் இடமும் ஒன்றே, பெஞ்ச் பிரஸுக்குப் படுக்கும்போது பிடரியில் அழுத்தும். கால் பயிற்சியையும் மார்புப் பயிற்சியையும் தீவிரமாகச் செய்பவர் என்றால் வேண்டாம். ட்ரெட்மில், சைக்கிள், இலகுவான பாரங்கள் என்று பயிற்சி செய்பவர் 5,000 ரூபாய்க்குள்ளேயே நல்ல நெக்பேண்ட் ஒன்றோடு நிம்மதியாக இருக்கலாம்.

காசைக் கொட்டத் தேவையில்லாத இடங்களும் உண்டு. ஒலிபெருக்கியின் விட்டம் 13 மில்லிமீற்றர் என்று பெரிதாக அச்சிட்டிருப்பதற்கும் ஒலித் தரத்துக்கும் நேரான தொடர்பில்லை. 6 மில்லிமீற்றர் ஒலிபெருக்கி உள்ள நல்ல இயர்போனும் உண்டு, 13 மில்லிமீற்றர் உள்ள படுமோசமானதும் உண்டு. புளூடூத் 5.0 இற்குப் பின் வந்த எந்தப் பதிப்பும் இந்தத் தேவைக்குப் போதும். பதிப்பு எண் கூடுவதால் பாட்டு இனிமையாகிவிடாது. எல்டிஏசி போன்ற உயர்தர ஒலிக்குறிமுறைகளுக்காக மேலதிகமாகக் கொடுக்கும் காசு, ஜிம்மின் சொந்த ஸ்பீக்கர்கள் குத்துப்பாட்டை அலற விட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் வீண். 'கேமிங் மோட்' பற்றிச் சொல்லவே தேவையில்லை.

வெளிச்சத்தத்தை அடக்கும் ஏஎன்சி வசதியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் இப்போது மலிவானவற்றிலும் அது வரத் தொடங்கிவிட்டது. அது விமானத்தின் உறுமல், மின்விசிறியின் இரைச்சல் போன்ற ஒரே சீரான தாழ்ந்த ஒலிகளை அடக்குவதிலேயே திறமையானது. பேச்சுக்கும் இரும்புத்தட்டு விழும் சத்தத்துக்கும் அதன் பலன் குறைவு. மலிவான சாதனங்களில் ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் காதுக்குள் 'டொக், டொக்' என்ற அழுத்தமும் சேரும். நன்றாகப் பொருந்திய சாதாரண சிலிக்கோன் முனையே வெளிச்சத்தத்தை 15 முதல் 25 டெசிபல் வரை குறைத்துவிடும் என்பதால், ஏஎன்சிக்குப் போகும் காசை நல்ல கொக்கிக்கும் பொத்தானுக்கும் ஐபிஎக்ஸ்5 இற்கும் கொடுங்கள். காது இறுக மூடியிருக்கும்போது சொந்தக் காலடியும் மூச்சும் தலைக்குள் அதிர்வது பழுது அல்ல. எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் காதுக்குழாயில் தேங்குவதால் அப்படிக் கேட்கிறது. முனையைச் சற்று ஆழமாக வைத்தால் குறையும்.

பொருத்தத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் கேட்கும் திறனும் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலின்படி 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். அதே சத்தம் 90 டெசிபல் ஆனால் கிழமைக்கு 4 மணித்தியாலம் மட்டுமே. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகிறது. ஜிம்மின் ஸ்பீக்கர்கள் 85 டெசிபலில் பாடிக்கொண்டிருக்க, தளர்வாக மாட்டிய இயர்போனில் உங்கள் பாட்டைக் கேட்க வேண்டுமானால் அதற்கும் மேலே, 90 டெசிபல் அளவுக்கு, ஒலியை ஏற்ற வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் எல்லை தாண்டியாயிற்று. இறுகப் பொருந்திய முனை வெளிச்சத்தத்தை வெட்டிவிடுவதால் போனின் ஒலியளவில் பாதிக்குச் சற்று மேலேயே திருப்தியாகக் கேட்கலாம். எயார்பொட்ஸ் வடிவில், சிலிக்கோன் முனை இல்லாமல் காது வாயிலில் தொங்கும் வகையை ஜிம்முக்கு வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். பயிற்சி முடிந்து வெளியே வந்ததும் காதில் 'ஙொய்' என்று கேட்டால் ஒலி கூடிவிட்டது என்று அர்த்தம். தெருவில் ஓடும்போது மட்டும் இந்த அறிவுரையை மாற்றிக்கொள்ள வேண்டும்: நிலாவெளி வீதியில் பின்னால் வரும் பஸ்ஸின் ஹார்ன் கேட்க வேண்டும், ஆகவே ஒரு காதில் மட்டும் மாட்டி ஓடுங்கள்.

இனிக் கடைக்குப் போவோம். நகரத்துக் கடைகளிலும் இணையத்திலும் கொப்பிச் சாமான்கள் ஏராளம். அவற்றின் பெட்டியில் ஐபிஎக்ஸ்7 என்று அச்சடிக்க எவருக்கும் கை கூசுவதில்லை. ஒரு சின்னக் கணக்கு: அப்பிளின் அசல் எயார்பொட்ஸின் முதல் இரண்டு தலைமுறைகளுக்கும் நீர்த் தாங்குதிறன் மதிப்பீடே இருக்கவில்லை, 2021 இல் வந்த மூன்றாம் தலைமுறைக்குத்தான் ஐபிஎக்ஸ்4 கிடைத்தது. அதன் 3,000 ரூபாய் நகல் ஐபிஎக்ஸ்7 என்று சொன்னால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். மதிப்பீட்டைப் பெட்டியில் படிப்பதோடு நில்லாமல், அந்த மாதிரியின் முழுப் பெயரைப் போட்டு அதன் கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் சரிபாருங்கள். ஒரே கம்பனிக்குள்ளேயே மாதிரிக்கு மாதிரி வேறுபாடு உண்டு: ரெட்மி பட்ஸ் 4 ஆக்டிவ் ஐபிஎக்ஸ்4, கியூசிவை டி13 ஐபிஎக்ஸ்5, சவுண்ட்கோர் ஸ்போர்ட் எக்ஸ்10 திருப்பக்கூடிய கொக்கியுடன் ஐபிஎக்ஸ்7. கடைசியாகச் சொன்னது உங்கள் தொகைக்குள் கிடைப்பது கடினம். எங்காவது விலை குறைத்துப் போட்டால் யோசிக்கலாம்.

கடைக்காரரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள். உத்தரவாதம் எத்தனை மாதம், அது வியர்வையால் வந்த பழுதையும் உள்ளடக்குமா, தனியாக ஒரு பக்க இயர்பட் அல்லது உதிரி சிலிக்கோன் முனை கிடைக்குமா. ஐபிஎக்ஸ் மதிப்பீடு உள்ள சாதனத்துக்கும் 'நீர்ச் சேதம் உத்தரவாதத்தில் சேராது' என்று அட்டையில் எழுதி வைப்பது பரவலான வழக்கம். எனவே அந்த அட்டையை வாங்குவதற்கு முன்னரே படிக்க வேண்டும். குழாய் வாய் வட்டமாக உள்ள இயர்பட்டுக்கு மாற்று முனை எளிதில் கிடைக்கும். நீள்வட்ட வாய் உள்ளவற்றுக்கு அந்தக் கம்பனியின் முனையையே தேடி அலைய வேண்டியிருக்கும். இணையத்தில் வாங்கினால் காதில் போட்டுப் பார்த்த பின் சுகாதாரக் காரணம் சொல்லித் திருப்பி எடுக்க மறுக்கக்கூடும் என்பதால் அந்த நிபந்தனையையும் முன்கூட்டியே பாருங்கள். பற்றுச்சீட்டைப் படம் எடுத்து வைத்திருங்கள், வெப்பத்தாளில் அச்சடித்தது சில மாதங்களில் வெளுத்துவிடும். உத்தரவாதத்தை மதிக்காத கடை என்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம்.

இத்தனையையும் வைத்து உங்களுக்கு நான் சொல்லும் தேர்வு: பெரும் பாரங்களைத் தூக்குபவர் என்றால், காதுக்கொக்கியோ உள்ளிறக்கையோ உள்ள, அழுத்தும் பொத்தானுடன் கூடிய, ஐபிஎக்ஸ்5 அல்லது அதற்கு மேற்பட்ட, ஏஎன்சி இல்லாத புளூடூத் இயர்பட்ஸை 6,000 முதல் 9,000 ரூபாய்க்குள் தேடுங்கள். மிச்சக் காசில் உதிரி முனைகள் வாங்கி வையுங்கள். அப்படிக் கிடைக்காவிட்டால் விலை கூடிய இயர்பட்ஸுக்கு ஏறாமல் நெக்பேண்டுக்கு இறங்குங்கள்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை, ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். பயிற்சி முடிந்ததும் இயர்பட்ஸைக் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சட்டைப் பையிலோ மேசையிலோ 15, 20 நிமிடம் காற்றாட விட்டு, அதன் பின்னரே பெட்டிக்குள் வையுங்கள். கிழமைக்கு ஒரு தடவை, பாமசியில் கிடைக்கும் 70 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலில் பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, உலோகப் புள்ளிகளையும் பெட்டியின் ஊசிமுனைகளையும் ஒற்றி எடுங்கள். சிலிக்கோன் முனைகளைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவி, முற்றாகக் காய்ந்த பின் மாட்டுங்கள். சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை இயர்பட் பெட்டி வைக்கும் பையில் போட்டு வைப்பது கடற்கரை ஊருக்குப் பொருத்தமான காரியம். வெயிலில் காய வைப்பதும், மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் பெட்டியை வைத்துவிட்டு மத்தியானம் முழுவதும் வெயிலில் நிறுத்துவதும் பற்றரியின் ஆயுளைத் தின்னும்.

காதையும் கவனியுங்கள். மணிக்கணக்கில் அடைத்து வைத்த ஈரக் காதில் பக்டீரியாவும் பூஞ்சணமும் வளர்வது எளிது. வெளிக்காது அழற்சி நீந்துபவர்களுக்கு மட்டும் வரும் நோயன்று. ஜிம்மில் நண்பர்களுக்கு இயர்பட்ஸை மாற்றிக் கொடுக்க வேண்டாம். அரிப்பு, காதுமடலை இழுத்தால் வலி, நீர் வடிதல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் கொட்டன் பட்ஸால் துழாவவோ காய்ச்சிய எண்ணெய் விடவோ வேண்டாம்; வைத்தியரிடம் காட்டி, குணமாகும்வரை இயர்பட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஜிம்மின் ஸ்பீக்கரில் ஓடும் பாட்டையே கேட்டுக்கொண்டு பயிற்சி செய்யுங்கள்.